சீவ் ஸ்கிரிப்ட்ல இஃப் சொதப்பினா எங்க பாக்கணும்

மெயிலை ஃபோல்டர் வாரியா பிரிக்க சீவ்ங்கிற மெயில் ஃபில்டர் மொழியில ஸ்கிரிப்ட் எழுதுறவங்க முதல்ல மாட்டுற இடம் ஃப்ரம் ஹெடர்தான், அதாவது மெயில்ல அனுப்புனவர் யாருன்னு சொல்ற வரி. ஹெடர் டெஸ்ட்ல "இஸ்" போட்டு வெறும் மெயில் ஐடியை குடுத்தா மேட்ச் ஆகாது, ஏன்னா ஃப்ரம்ல அனுப்புனவர் பேரும் சேந்து வரும், "இஸ்"னா முழு வரியும் அப்படியே ஒண்ணா இருக்கணும், அதனால அங்க அட்ரஸ் டெஸ்ட் போடுங்க, அது ஐடியை மட்டும் எடுத்து பாக்கும். மேட்ச் டைப் எதுவும் எழுதாம விட்டாலும் "இஸ்"னுதான் எடுத்துக்கும், இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல.

ஒரே மெயில் ரெண்டு ஃபோல்டர்ல வந்து நிக்குதா? ரெண்டு தனித்தனி இஃப் எழுதியிருப்பீங்க. ஃபைல்இன்டு (மெயிலை ஃபோல்டர்ல போடுற கட்டளை) போட்டதும் ஸ்கிரிப்ட் நிக்காது, அடுத்த இஃப்பும் ஓடும். ரெண்டாவதை எல்ஸிஃப் (முதல் இஃப் ஒத்துப்போகலைன்னா மட்டும் பாக்குறது) ஆக்குங்க, இல்லேன்னா முதல் ப்ளாக் கடைசியில ஸ்டாப் போடுங்க.

ஆல்ஆஃப் (எல்லா கண்டிஷனும் ஒத்துப்போகணும்), எனிஆஃப் (ஏதாவது ஒண்ணு போதும்) மாறிடுச்சான்னும் ஒரு தடவ பாத்துருங்க. நாட் (கண்டிஷனைத் தலைகீழாக்குறது) போட்ட இடத்துல இன்னும் கவனம் வேணும், அந்த ஹெடரே இல்லாத மெயிலுக்கும் கண்டிஷன் உண்மைன்னு ஆயிடும், சம்பந்தமே இல்லாத மெயிலெல்லாம் உள்ள போயிடும்.

இதுக்கு மேலயும் புரியலைன்னா யூகிச்சுட்டே உக்காராதீங்க. உங்க மெயில் சர்வர் டவ்காட்னா, அதுல சீவை ஓட்டுற பிஜன்ஹோல் கூட சீவ்-டெஸ்ட்னு ஒரு டூல் வரும், தப்பா போன மெயிலை சேவ் பண்ணி அதுல ட்ரேஸ் லெவலை மேட்சிங்னு வச்சு ஓட்டுங்க, எந்த டெஸ்ட்ல எந்த மதிப்பு ஒத்துப்போச்சு, எது போகலைன்னு வரி வரியா காட்டும்.