ஜிம்னிக்குப் பெரிய டயர் போட எவ்வளவு தூக்க வேண்டும்?

மாருதியின் ஜிம்னி ஜீப் எடுத்தவர்களுக்கு ஒரே மாதத்தில் வரும் ஆசை எனக்கும் வந்தது. முன்னால் நின்று பார்த்தால் வண்டி கம்பீரமாகத்தான் இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் டயர் மட்டும், அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி மட்கார்டுக்குள் தொளதொளவென்று நிற்கிறது. உடனே வண்டியை உயர்த்தும் ஒரு லிஃப்ட் கிட்டுக்குப் பணம் கட்டிவிட்டேன். எந்த டயர் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்கிய கதைதான்.

வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் டயர். அந்த டயருக்கு எங்கே இடம் பத்தவில்லை என்று பார்ப்பது இரண்டாவது. அந்த இடத்துக்கு வேண்டிய அளவு மட்டும் தூக்குவது கடைசி. இந்தியாவில் 2023 முதல் விற்கும் ஐந்து கதவு ஜிம்னியை வைத்தே சொல்கிறேன்; கணக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

படி 1: டயர் எண்ணைப் படியுங்கள்

கம்பெனி டயர் 195/80 ஆர்15. 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்றால் டயரின் பக்கச் சுவர் அந்த அகலத்தில் 80 சதவீத உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 195-இல் 80 சதவீதம் 156. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், ஆக 312. ரிம் 15 அங்குலம் என்றால் 381 மி.மீ. கூட்டினால் டயரின் மொத்த உயரம் 693 மி.மீ.

ஜிம்னிக்காரர்கள் பெரும்பாலும் போகும் அளவுகள் இரண்டு. 215/75 ஆர்15 போட்டால் உயரம் 703.5 மி.மீ. 235/75 ஆர்15 போட்டால் 733.5 மி.மீ. முதலாவது 10.5 மி.மீ. பெரிது, இரண்டாவது 40.5 மி.மீ. பெரிது. ஆனால் அச்சு டயரின் நடுவில்தானே இருக்கிறது? அதனால் வண்டி உயர்வது இதில் பாதிதான். 215 போட்டால் 5 மி.மீ., 235 போட்டால் 20 மி.மீ.

5 மி.மீ.க்கா இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். உயரத்துக்காக யாரும் 215 போடுவதில்லை. கொஞ்சம் அகலம், கரடுமுரடான ஏ.டி. (ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்குமான டயர்) பட்டன், தடித்த பக்கச் சுவர், இவற்றுக்காகப் போடுகிறார்கள். வாரத்தில் ஆறு நாள் தார் ரோடு, ஒரு நாள் தோட்டத்துப் பாதை என்றால் இதுவே தாராளம். லிஃப்டும் வேண்டாம். இந்தக் கட்டுரையையும் இங்கேயே மூடிவிடலாம்.

235-க்குப் போகிறவர்கள் இன்னும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ரிம் அகலம்: ஜிம்னியின் ரிம் 5.5 அங்குல அகலம். 215/75-க்கு அது செல்லும். 235/75-க்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் நடுப்பகுதி உப்பி, அங்கே மட்டும் சீக்கிரம் தேயும். ஆகவே டயர் விலையோடு ரிம் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சுமை எண்: கம்பெனி டயரில் 96 எஸ் என்று இருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை. புது டயரில் இவை குறையக் கூடாது.

இழுவை: ஜிம்னியில் இருப்பது 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 134 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). டயர் விட்டம் 5.8 சதவீதம் கூடினால் ஒவ்வொரு கியரும் அதே அளவு உயரமாகிவிடும், அதாவது இழுவை குறையும். சமவெளியில் பெரிதாகத் தெரியாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, முன்பு மூன்றாவது கியரில் போன இடத்தில் கை தானாக இரண்டாவதைத் தேடும். ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். கம்பெனி டயரில் 80 காட்டிய அதே சுற்றில் இப்போது வண்டி 84-ஐத் தாண்டிப் போகும்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். அதுவும் அதே அளவில்தான் இருக்க வேண்டும். பின்கதவில் தொங்கும் அந்தக் கூடுதல் எடை முழுவதும் கீலில்தான் விழும்.

படி 2: லிஃப்ட் எதைத் தூக்கும், எதைத் தூக்காது

புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான். ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே துண்டான திட அச்சு. நடுவில் பூசணிக்காய் மாதிரி புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் என்ற பல்சக்கரப் பெட்டிதான் வண்டியின் மிகத் தாழ்ந்த இடம். கம்பெனி சொல்லும் 210 மி.மீ. தரை இடைவெளியில் கல் தட்டப்போவது அங்கேதான். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினாலும் இந்த ஹவுசிங் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. அது டயரோடு இருக்கிறது, ஸ்பிரிங்குக்குக் கீழே. அதை ஏற்ற டயரால் மட்டும்தான் முடியும்.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? ஒன்று, டயர் ஏறி இறங்க மட்கார்டுக்குள் இடம். இரண்டு, வண்டியின் வயிறு. ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ் (முன் பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) 2,590 மி.மீ.; மூன்று கதவுக்கு 2,250 தான். நீளம் கூடியதால் மேட்டின் உச்சியைத் தாண்டும்போது நடுவயிறு உட்கார்ந்துவிடுகிறது. லிஃப்ட் அங்கே உதவும்.

இன்னொரு கசப்பான உண்மை. நின்றிருக்கும்போது லிஃப்ட் இடம் தரும். பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது டயர் பழைய இடத்துக்கேதான் மேலே வரும். அதைத் தடுப்பது பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை. ஆகவே பெரிய டயர் போட்டால் பம்ப் ஸ்டாப்பையும் கொஞ்சம் நீட்ட வேண்டும். கிட்டில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

படி 3: பவுடர் சோதனை

பணம் கட்டும் முன் இதைச் செய்தால் பாதி சந்தேகம் தீரும். நீங்கள் நினைத்திருக்கும் அளவில் ரிம்மோடு ஒரு டயரை நண்பரிடம் இரவல் வாங்குங்கள். முன்பக்கம் ஒரு சக்கரத்தில் மட்டும் மாட்டுங்கள். இது வீட்டு வாசலில் நகர்த்திப் பார்க்க மட்டும். ரோட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், ஃபோர் வீல் டிரைவும் போடாதீர்கள்.

மட்கார்டின் உள் பிளாஸ்டிக், பம்பரின் பின் ஓரம், அச்சிலிருந்து பின்னோக்கிப் போகும் ரேடியஸ் ஆர்ம் என்ற இரும்புக் கை, மூன்றிலும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். ஸ்டியரிங்கை இடது கோடி, வலது கோடி என்று முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். பிறகு அந்தச் சக்கரத்தை உறுதியான மரக்கட்டை அடுக்கின் மேல் ஏற்றி மறுபடி ஒடியுங்கள். இறங்கி டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் எங்கே வழித்தெடுக்கப்பட்டிருக்கிறதோ அங்கே உரசுகிறது.

எங்கே உரசுகிறது என்பதைப் பொறுத்துத்தான் மருந்து. கட்டை மேல் ஏறும்போது மேல் பிளாஸ்டிக்கில் உரசினால் லிஃப்டும் பம்ப் ஸ்டாப்பும் பேசும். பம்பரின் ஓரத்தில் உரசினால் அங்கே கொஞ்சம் அறுத்தோ வளைத்தோ விட வேண்டியிருக்கும். ரேடியஸ் ஆர்மில் உரசினால் எத்தனை அங்குலம் தூக்கினாலும் பயனில்லை, ஏனென்றால் ஆர்மும் டயரும் அச்சோடு சேர்ந்தே இருக்கின்றன. அதற்கு வழி, சக்கரத்தைச் சற்று வெளியே தள்ளும் ஆஃப்செட் உள்ள ரிம், அல்லது ஸ்டியரிங் எவ்வளவு ஒடியலாம் என்று நிறுத்தும் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே நீளும்படி திருகுவது. போல்ட்டைத் தொட்டால் வண்டி திரும்ப இன்னும் கொஞ்சம் இடம் கேட்கும், அவ்வளவுதான்.

படி 4: எவ்வளவு, எந்த வகை

235/75-க்கு 40 முதல் 50 மி.மீ. லிஃப்ட் போதும். அதற்கு மேல் போனால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று என்று பில் வளர்ந்துகொண்டே போகும். மூன்று அங்குலம் தூக்கிய வண்டி போட்டோவுக்கு அழகு. குறுகிய, உயரமான ஜிம்னியில் வளைவுக்கு அழகில்லை.

சந்தையில் மூன்று வகை. ஸ்பிரிங்குக்கு அடியிலோ மேலேயோ வைக்கும் ஸ்பேசர் கட்டைதான் மலிவு. வண்டி உயரும், ஆனால் பழைய ஷாக் அப்சார்பர் நீளாது. 30 மி.மீ. ஸ்பேசர் வைத்தால், சக்கரம் பள்ளத்தில் கீழே தொங்கும் தூரத்தில் அந்த 30 மி.மீ.யை இழந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஸ்பீடு பிரேக்கர் தாண்டியதும் ஷாக் முழுதாக நீண்டு 'டக்' என்று சத்தம் வரும். நீண்ட ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்திய நீண்ட ஷாக்கும் சேர்ந்த கிட்தான் சரியான வழி. சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்து பாடியை மட்டும் தூக்குவது மூன்றாவது வகை. புதியவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

ஸ்பிரிங் வாங்கும்போது உயரத்தோடு சுமையையும் கேளுங்கள். ஒரே 40 மி.மீ. கிட் லேசானது, நடுத்தரம், கனமானது என்று வரும். கனமான ஸ்பிரிங், இரும்பு பம்பரும் வின்ச்சும் மேலே டென்ட்டும் ஏற்றித் திரிகிறவர்களுக்கு. வண்டியே ஏறத்தாழ 1,200 கிலோதான். காலி வண்டியில் கனமான ஸ்பிரிங் போட்டால் கட்டைவண்டியில் போன மாதிரி குலுங்கும், உயரமும் சொன்னதைவிட அதிகமாக வரும். தினமும் வண்டியில் என்ன இருக்கும் என்று யோசித்து வாங்குங்கள். வருஷத்தில் ஒரு தடவை போகும் டூரை வைத்து வேண்டாம்.

மஹிந்திரா தார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: 2020-க்குப் பிறகு வந்த தாரில் முன்பக்கம் தனித்தனியாக ஏறி இறங்கும் டபுள் விஷ்போன். அங்கே தூக்கத் தூக்க ஆக்ஸில் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயின்ட், மேல் பால் ஜாயின்ட் என்ற மூட்டுகள் கோணலாகிச் சீக்கிரம் தேயும். ஆகவே இன்னும் அடக்கி வாசியுங்கள்.

படி 5: சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வர வாய்ப்புண்டு. அதனால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முதலில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். அனுமதி கிடைக்காதென்றால் கம்பெனி அளவிலேயே நல்ல ஏ.டி. டயர் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பது மேல்.

படி 6: மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

வேலையைத் தொடங்கும் முன் நான்கு சக்கரத்திலும், அச்சின் நடுவிலிருந்து மட்கார்டு ஓரம் வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டயர் காற்று, பெட்ரோல் அளவு இரண்டையும் குறித்துவையுங்கள். இல்லையென்றால் பிறகு எவ்வளவு ஏறியது என்று வாதாட முடியாது.

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். மாட்டிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ரேடியஸ் ஆர்ம் போல்ட்டுகளை முறுக்கி முடித்துவிட்டார்கள். பார்க்கச் சுத்தமான வேலை. நாலே மாதத்தில் முன்பக்கம் கீச்சுக் கீச்சென்று சத்தம். கழற்றினால் ரப்பர் புஷ்கள் நடுவில் கிழிந்து கிடந்தன. காரணம் எளிது: தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் அது முறுக்கிய துணி மாதிரி ஆகிவிடும், எப்போதும். எல்லாப் போல்ட்டையும் கையளவு இறுக்கி, வண்டியை இறக்கி, முழு எடையும் சக்கரத்தில் விழுந்த பிறகுதான், அளவோடு முறுக்கும் டார்க் ரெஞ்ச்சால் கடைசி முறுக்கு. ஃபிட்டர் தம்பி கோபித்துக்கொண்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

சக்கரங்கள் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் விறைத்து நிற்கிறதா என்றும் விரலால் தொட்டுப் பாருங்கள். தளர்வு இல்லையென்றால் கிளாம்பை இறக்கி மாட்ட வேண்டும்.

படி 7: மாட்டிய பிறகு

அச்சை இடவலமாகப் பிடித்திருக்கும் பனார்டு ராடு குறுக்கே சாய்வாக இருக்கும். வண்டி உயர்ந்தால் அது அச்சைச் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் இழுத்துவிடும். கண்டுபிடிக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். மட்கார்டு ஓரத்திலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் என்றால் விட்டுவிடலாம். ஒரு சென்டிமீட்டரை நெருங்கினால் நீளம் மாற்றக்கூடிய ராடு வாங்குங்கள்.

காஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, இன்னும் முக்கியம். வண்டி உயரும்போது ரேடியஸ் ஆர்ம் அச்சை முன்னோக்கி உருட்டுகிறது, காஸ்டர் குறைகிறது. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நெடுஞ்சாலையில் வண்டி லேசாக அலையும். அலைன்மென்ட் கடையில் காஸ்டர் எண்ணை அச்சிட்டுக் கேளுங்கள். சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவான டோவை மட்டும் பார்த்துவிட்டுச் 'சரி சார்' என்றால் நம்பாதீர்கள். குறைந்திருந்தால் ஓட்டை மையம் விலகிய காஸ்டர் புஷ் போட வேண்டும். கிட்டோடு வாங்கினால் மாட்டும் கூலி ஒரு முறையோடு போகும். ஸ்டியரிங் வீலும் நேராக நிற்க வேண்டும். கோணலாக நின்றால், வண்டி சறுக்காமல் தானே பிரேக் போடும் இ.எஸ்.பி., வண்டி திரும்புகிறது என்று தப்பாக நினைத்து நடுவில் தலையிடக்கூடும்.

அன்று இரவே ஹெட்லைட்டை இறக்கி அமையுங்கள். எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தால் அவர் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

500 கி.மீ. ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். முதல் நாள் எழுதிவைத்த சீட்டை எடுத்து, அதே காற்று, அதே பெட்ரோல் அளவில் நான்கு சக்கரத்தையும் மறுபடி அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். என் சீட்டில் 40 மி.மீ. கிட்டுக்கு எதிரே, காலி வண்டியில், 52 என்று இருக்கிறது. கனமான ஸ்பிரிங் வாங்கியவன் நான்தான்.