துவான்வு நாளுக்குச் சோங்சு: கூம்பின் நுனியைக் கவனியுங்கள்

சீன நிலா நாட்காட்டியில் 5ஆம் மாதம் 5ஆம் நாள் துவான்வு. நமக்கு இது டிராகன் படகுத் திருவிழா. கி.மு. 278இல், பழைய சீனத்தின் நாடுகளில் ஒன்றான சூவின் தலைநகர் பகை நாடான சின்னின் படையிடம் விழுந்ததும், கவிஞர் ச்யூ யுவான் மீலுவோ ஆற்றில் இறங்கி உயிர்விட்டார். மீன்கள் உடலைத் தீண்டாதிருக்க ஊரார் ஆற்றில் சோறு எறிந்தார்கள் என்பது வழிவழிக் கதை. ஒட்டரிசியை இலையில் கூம்பாகப் பொதிந்து வேகவைக்கும் சோங்சு அந்தச் சோற்றின் நினைவு. அன்று வாசலில் மாசிபத்திரி இனத் தழையையும் வசம்பு இலையையும் கட்டுவார்கள். வெக்கையும் நோயும் பெருகும் அந்த மாதத்துக்கு நச்சு மாதம் என்று பெயர். நம் வீட்டுப் பிள்ளை மருந்தான அதே வசம்புதான். வாள்போன்ற அதன் இலை கெட்டதை வெட்டுமாம்.

இனி செய்முறை. பெய்ஜிங் பக்கத்து இனிப்புச் சோங்சுதான் புதியவர்களுக்கு ஏற்றது. பன்றி இறைச்சி வைக்கும் ஜியாசிங் நகரத்து வகையைக் கை பழகியபின் பார்க்கலாம்.

12 சோங்சுக்கு: ஒட்டரிசி 500 கிராம், உலர்ந்த சீன இலந்தை 24, உலர்ந்த மூங்கில் இலை 30 (சில கிழியும்), பருத்தி நூல்.

அரிசியை 4 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். இலையை முதல்நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் 10 நிமிடம் கொதிக்கவிட்டுக் காம்பை நறுக்குங்கள். கொதிக்காத இலை மடிப்பில் வெடிக்கும்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். இரண்டு இலைகளைப் பாதி ஒன்றன்மேல் ஒன்றாக, வழவழப்புப் பக்கம் மேலே வரும்படி வையுங்கள். சுண்டல் பொட்டலம் போல ஓரத்திலிருந்து சுருட்டினால் நுனியில் ஓட்டை விழும், அரிசி ஒழுகும். மூன்றில் ஒரு பங்கில் இலையைக் குறுக்கே மடக்கி, அந்த மடிப்பே நுனியாகும்படி கூம்பாக்குங்கள். ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சொட்டினால் பிரித்து மறுபடி மடியுங்கள்.

கொஞ்சம் அரிசி, 2 இலந்தை, மேலே அரிசி. குச்சியால் குத்தி இறக்கி, விளிம்புவரை நிரப்புங்கள். நீண்ட பக்கத்தை வாய்மேல் கவிழ்த்து, இரு ஓரத்தையும் கீழே அமுக்கி, வாலைப் பக்கவாட்டில் மடக்கி நூல் சுற்றுங்கள். நைலான் கயிறு வேண்டாம், வழுக்கும். தளர்ந்தால் தண்ணீர் புகுந்து சோறு குழையும். நெரித்துக் கட்டினால் நடு அரிசி வேகாது.

பாத்திரத்தில் நெருக்கி அடுக்கி, மேலே தட்டு வைத்து, இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்க 2 மணி நேரம் வேகவிடுங்கள். வற்றினால் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் பட்டால் வேக்காடு கெடும். அதே நீரில் 1 மணி நேரம் விட்டு எடுங்கள்.

பின்சேர்ப்பு: குக்கரில் 40 நிமிடம் போதும். ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் கட்டு பிதுங்கும். வெந்ததும் பிரிக்காதீர்கள், சோறு இலையோடு போகும். 10 நிமிடம் ஆறவிட்டுப் பிரித்து, சர்க்கரை தொட்டுச் சாப்பிடுங்கள்.