வாயில்லாப் புழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ராட்சதக் குழாய்ப்புழுவைப் பற்றி யார் எழுதினாலும் விடாமல் படிப்பேன், படித்துவிட்டுப் பாதி நேரம் தலையில் அடித்துக்கொள்வேன்.

'புழு பாக்டீரியாவைப் பிடித்துத் தின்கிறது' என்பார்கள். எதை வைத்துத் தின்னும்? வளர்ந்த புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. 1977-ல் பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுகள் பக்கம் சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் நீர்மூழ்கியில் போனவர்கள் கண்ணில் இந்தப் புழுக்கள் பட்டன: ஆள் உயர வெள்ளைக் குழாய், நுனியில் ரத்தச் சிவப்பாக ஒரு கொண்டை. இது எதைச் சாப்பிட்டு இவ்வளவு வளர்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. 1980-ல் ஹார்வர்டில் ஒரு வகுப்பு. புழுவின் உடலுக்குள் கந்தகத் துகள்கள் இருக்கின்றன என்று புழு ஆய்வாளர் மெரிடித் ஜோன்ஸ் சொல்லிக்கொண்டிருக்க, கொலீன் கேவனா என்ற மாணவி எழுந்து, அப்படியென்றால் உள்ளே கந்தகத்தை எரித்துப் பிழைக்கும் பாக்டீரியா இருந்தே ஆக வேண்டும் என்றார். அடுத்த ஆண்டே அதற்கான ஆதாரத்தோடு கட்டுரை வந்துவிட்டது.

சமையல் நடப்பது புழுவின் உடம்புக்குள்தான். கொண்டையின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபின், ஆக்சிஜனையும் ஹைட்ரஜன் சல்பைடையும் (அதே அழுகிய முட்டை நாற்றம், நமக்கு விஷம்) தனித்தனி இடங்களில் பிடித்து உள்ளே சுமந்து போகிறது. பாக்டீரியா அந்தச் சல்பைடை எரித்துக் கிடைக்கும் ஆற்றலில் கார்பன் டை ஆக்சைடை உணவாக்குகிறது.

'சூரியனே தேவைப்படாத உயிர்' என்று தலைப்பு வைப்பார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய எரிச்சல். வெளிச்சம் தேவையில்லை, சரி. ஆனால் அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? மேலே வெயிலில் பாசியும் செடியும் விட்ட மூச்சுதானே கடலடி வரை கரைந்து போகிறது!

அப்புறம், பாக்டீரியா தாயிடமிருந்து வருகிறது என்ற நினைப்பு. இல்லை, குஞ்சுப் பருவத்தில் கடல்நீரில் இருக்கும் பாக்டீரியா தோல் வழியாக நுழைகிறது. இது 2006-ல் தெரியவந்தது. பவளத்தையும் இதையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பாதீர்கள், பவளத்துக்குச் சோறு போடுவது பாக்டீரியா இல்லை, ஒரு செல் பாசி.

'நட்பு' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள். இடம் கொடுத்த புழு, முதிர்ந்த பாக்டீரியாக்களைச் செரித்துத்தான் வயிறு வளர்க்கிறது. வயிறே இல்லாத புழுவுக்கு இப்படிச் சொல்வதும் தப்புதான்! புழு செத்ததும் மிஞ்சிய பாக்டீரியா உயிரோடு வெளியேறி மறுபடி கடலுக்கே போய்விடுகிறது.