நூறு வரைபடங்களையும் ஒவ்வொன்றாகத் திறக்காதீர்கள்

வாடிக்கையாளர் திட்டத்தின் பெயரை மாற்றிவிட்டார் என்பதற்காக ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, திருத்தி, சேமித்து மூடுவது வீண் உழைப்பு. புதிய திட்டமென்றால், ஆரம்பத்திலேயே ஷீட் செட் மேனேஜரில் (தாள்களை ஒரே தொகுப்பாக நிர்வகிக்கும் வசதி) தாள்களைச் சேர்த்துத் திட்டப் பெயர், தேதி ஆகியவற்றைத் தலைப்புக் கட்டத்தில் ஃபீல்டுகளாக (தானாகப் புதுப்பிக்கப்படும் உரையாக) வைத்துவிடுங்கள். பிறகு ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

பழைய வரைபடங்களுக்கு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளைத் தானாக வரிசையாக ஓட்டும் உரைக்கோப்புதான் கைகொடுக்கும். நோட்பேடில் கட்டளைகளை வரிசையாக எழுதி, கடைசியில் சேமிப்பதற்கான 'க்யூசேவ்' (QSAVE) கட்டளையைச் சேர்த்து, எஸ்சிஆர் (.scr) கோப்பாகச் சேமியுங்கள். இதில் கவனம் தேவை: ஸ்கிரிப்டில் ஒரு வெற்றிடமும் என்டர் அழுத்தியதாகவே கொள்ளப்படும். வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் ஒரு வெற்றிடம் முந்தைய கட்டளையை மறுபடி ஓட்டிவிடும். லேயர் (அடுக்குகளை நிர்வகிப்பது), பர்ஜ் (பயன்படாதவற்றை நீக்குவது) போன்ற கட்டளைகளுக்கு முன்னால் சிறுகோடு (-) இடுங்கள். இல்லையேல் உரையாடல் பெட்டி திறந்து வேலை நின்றுவிடும்.

ஆட்டோகேட் 2013 முதல் உடன்வரும் கோர் கன்சோல் (accoreconsole.exe) என்ற நிரல், திரையில் வரைபடத்தைக் காட்டாமலேயே ஸ்கிரிப்டை இயக்குகிறது. ஒரு பேட்ச் கோப்பில் (விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் .bat கோப்பு) முழு ஃபோல்டரையும் அதற்குக் கொடுத்துவிடலாம். முதலில் நகலெடுத்த இரண்டு மூன்று கோப்புகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன்பிறகே அசலில் கைவையுங்கள்.