கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம்: புதிய செவிலியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் புதிதாக வருபவர்களைக் கவனித்தால், எங்கள் காலத்துப் பிழைகளே வரிசை மாறாமல் திரும்பி வருகின்றன. 140/90 என்ற எல்லை எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

மேல்வயிற்று வலியை 'கேஸ்' என்று அனுப்புவது

இன்றும் எனக்கு ஆத்திரமூட்டும் தவறு இதுதான். மேலூர்ப் பக்கத்து எட்டாம் மாதக் கர்ப்பிணி ஒருவர், நெஞ்சுக்குழிக்குக் கீழே கையால் அழுத்திப் பிடித்தபடி இரவில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். மதியம் கறிவிருந்து என்று மாமியார் சொன்னதும், பான்டோபிரசோல் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்த அழுத்தம் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. விடியலில் வலிப்போடு எங்களிடம் வந்தபோது அழுத்தம் 180/120. குழந்தையின் இதயத்துடிப்பு அதற்குள் நின்றிருந்தது.

நோய் முற்றும்போது கல்லீரல் வீங்கி, அதன் உறை இழுபடுவதால் அந்த வலி வருகிறது. சிவப்பணுக்கள் சிதைந்து, கல்லீரல் நொதிகள் உயர்ந்து, தட்டணுக்கள் குறையும் 'ஹெல்ப்' நிலைக்கும் அது முதல் அடையாளமாக இருக்கலாம். சிலருக்கு அப்போது அழுத்தம் மிக அதிகமாக இராது, சிறுநீரில் புரதமும் தெரியாது. ஆகவே 20 வாரம் கடந்தவர் மேல்வயிறு வலிக்கிறது என்றால், அழுத்தம், சிறுநீர், தட்டணு, கல்லீரல் பரிசோதனைகளைப் பார்த்த பிறகே வாயுவைப் பற்றிப் பேச வேண்டும்.

வீக்கத்தைக் காலில் மட்டும் தேடுவது

கால் வீக்கம் பலருக்கும் வருவதுதான். வளைகாப்பன்று தாராளமாக ஏறிய கண்ணாடி வளையல் இன்று மணிக்கட்டில் பதிந்து தடம் விழுந்திருந்தாலோ, முகம் பூசினாற்போல் இருக்கிறது என்று வீட்டார் மகிழ்ந்தாலோ, உடனே அழுத்தம் பாருங்கள்.

சாய்ந்து படுத்திருக்கும்போது அளப்பது

இடப்புறம் சாய்ந்திருப்பவரின் மேற்கையில் அளந்தால் குறைவாகவே காட்டும். உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி அளக்க வேண்டும்.

160/110-க்கு 'நாளை வாருங்கள்' என்பது

கூடவே கூடாது.

வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் போடாமல் 108-இல் ஏற்றுவது

முதல் அளவு 14 கிராம்: சிரை வழியாக மெதுவாக 4 கிராம், இரு பிட்டத்திலும் தலா 5 கிராம். அடுத்த அளவுக்கு முன் முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு ஆகிய மூன்றையும் சரிபார்க்க வேண்டும். மருந்து உடம்பில் மிஞ்சினால் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பிரசவத்தோடு முடிந்தது என்று எண்ணுவது

பிரசவத்துக்குப் பின் 3 முதல் 6 நாட்களுக்குள்தான் அழுத்தம் பெரும்பாலும் உச்சத்துக்கு ஏறுகிறது. அதற்குள் தாய் வீடு திரும்பியிருப்பார். அவர் தலைவலி என்றால், பச்சை உடம்பில் காற்றுப் பட்டுவிட்டது என்று காதை மூடித் துணி கட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் போகும் கிராம சுகாதார செவிலியர், குழந்தையை எடை போடுவதற்கு முன்பே தாயின் அழுத்தத்தைப் பார்த்துவிட வேண்டும்.