ஆதி பௌத்தப் பிரிவுகள்: நாம் சறுக்கும் இடங்கள்

ராஜகிருகம், வைசாலி, பாடலிபுத்திரம், காஷ்மீரம். நான்கு பௌத்த மாநாடுகளையும் இந்த வரிசையில் மனப்பாடம் செய்யாமல் போட்டித் தேர்வுக்குப் போனவர்கள் குறைவு. கூடவே ஒரு வரியும் ஒட்டிக்கொண்டிருக்கும்: "கனிஷ்கர் காலத்தில் பௌத்தம் ஈனயானம், மகாயானம் என இரண்டாகப் பிரிந்தது." மதிப்பெண் வாங்க அது போதும். வரலாறு என்று பார்த்தால் அந்த ஒரு வரியில் மூன்று பிசகுகள்.

முதலாவது, பிரிவுகள் கனிஷ்கருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே தோன்றிவிட்டன. இரண்டாவது, எந்தப் பௌத்தப் பிரிவும் தனக்கு 'ஈனயானம்' என்று பெயர் வைத்துக்கொண்டதில்லை. ஈனம் என்றால் என்னவென்று தமிழருக்குச் சொல்லவேண்டியதில்லை. யாராவது தம்மைத் தாமே அப்படி அழைத்துக்கொள்வார்களா? மகாயான நூல்கள் எதிர்த்தரப்புக்குச் சூட்டிய பட்டம் அது. இலங்கை, மியான்மர், தாய்லாந்தில் இன்று வழங்கும் தேரவாதத்தின் மறுபெயராக அதைப் பயன்படுத்துவதை முதலில் விட்டுவிடலாம்.

மூன்றாவது பிசகுதான் பெரியது. மகாயானம் சங்கத்தை உடைத்துக்கொண்டு போன கட்சி அல்ல. இங்கே மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: நிகாயம், வாதம், யானம். நிகாயம் என்பது துறவு மரபு; எந்த விநயத்தின்படி, அதாவது துறவிகளுக்கான எந்த ஒழுக்க விதித்தொகுப்பின்படி, ஒருவர் துறவு பெற்றார் என்ற கணக்கு. வாதம் என்பது கொள்கை. யானம் என்பது இலக்கு. ஆசைகளற்றுத் தான் விடுதலை பெறும் அருகநிலையா, பிறரையும் கரையேற்றும் புத்தநிலையா என்பது. ஒரே துறவிக்கு மூன்றிலும் தனித்தனி விடை இருக்க முடியும். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி இத்சிங் இதைத் தெளிவாகவே எழுதிவைத்தார்: இரு தரப்பாரும் கடைப்பிடிக்கும் விநயம் ஒன்றுதான், புத்தராகும் வழியில் நிற்கும் போதிசத்துவரை வணங்கி மகாயான சூத்திரங்களை ஓதினால் மகாயானி, இல்லையென்றால் மற்றவர். அவருக்கு முன் வந்த இன்னொரு சீனத் துறவி யுவான் சுவாங் சில விகாரைகளின் துறவிகளை 'மகாயான ஸ்தவிரர்' என்றே குறிக்கிறார். ஸ்தவிரர் என்பது பழைய நிகாயம் ஒன்றின் பெயர். பாடப்புத்தக வரியை நம்பினால் அப்படி ஒருவர் இருக்கவே முடியாது. இன்றும் திபெத்தியத் துறவிகள் கைக்கொள்வது மூலசர்வாஸ்திவாத விநயம். சீன, கொரிய, வியட்நாமியத் துறவிகள் கைக்கொள்வது தர்மகுப்தக விநயம். யானத்தில் மகாயானம், நிகாயத்தில் 'பழைய' பிரிவு.

அடுத்த சறுக்கல் சங்கத்தின் முதல் பிளவில்: மூத்தோர் மரபான ஸ்தவிரர் ஒரு பக்கம், பெருங்கூட்டத்தாரான மகாசாங்கிகர் மறுபக்கம். ஸ்தவிரரும் மகாசாங்கிகரும் ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டால், கையில் எந்த நூல் இருக்கிறதோ அதைப் பொறுத்துப் பதில் மாறும். இலங்கையின் பாலி வரலாற்று நூலான தீபவம்சம் சொல்வது: வைசாலியில் வஜ்ஜித் துறவிகள் உப்பைச் சேமித்தல், பொன் வெள்ளி வாங்குதல் உள்ளிட்ட பத்துச் சலுகைகளைக் கேட்டார்கள், தோற்றார்கள், தனியே போய் மகாசாங்கிகரானார்கள். கதை கச்சிதமாக இருக்கிறது. ஆனால் மகாசாங்கிகரின் விநயத்திலும் வைசாலிக் கூட்டம் வருகிறது; அதுவும் காசு வாங்கியதைக் கண்டிக்கிறது! காசு வாங்கிய கட்சியின் நூல் அப்படி ஏன் எழுத வேண்டும்?

வடக்கே, ஸ்தவிரரிலிருந்து கிளைத்த சர்வாஸ்திவாதிகள் வேறு கதை சொன்னார்கள். மகாதேவன் என்பவன் அருகருக்கும் ஐயமும் அறியாமையும் எஞ்சியிருக்கும் என்பன போன்ற ஐந்து கருத்துகளைக் கிளப்பினானாம். அவன் தாயோடு கூடித் தந்தையைக் கொன்றவன் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஒருவன் தலையில் இத்தனை பாவமும் ஏற்றப்பட்டிருந்தால், எழுதியவர் எதிர்த்தரப்பு என்று ஊகிக்கலாம். மகாசாங்கிகர் தரப்பிலோ குற்றச்சாட்டு தலைகீழ்: மூத்தவர்கள்தாம் விநயத்தில் புது விதிகளைச் சேர்க்கப் பார்த்தார்கள். இந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் சான்றும் உண்டு. துறவிகளுக்கான விதிகள் மகாசாங்கிகரிடம் 218, பாலியில் 227, தர்மகுப்தகரிடம் 250. வேறுபாடு பெரும்பாலும் உடுத்துவது, உண்பது, நடப்பது பற்றிய சின்ன விதிகளில்தான். பட்டியல் நீளக்கூடியது அந்தப் பகுதிதான்.

'பதினெட்டுப் பிரிவுகள்' என்பதையும் எண்ணிப் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மரபு எண். பட்டியலுக்குப் பட்டியல் பெயர்கள் மாறும். எல்லாவற்றையும் சேர்த்தால் முப்பதைத் தாண்டும். பாடலிபுத்திர மாநாட்டிலும் இதே எச்சரிக்கை தேவை. மொக்கலிபுத்த திஸ்ஸர் தலைமையில் அசோகர் நடத்தியதாகச் சொல்வது பாலி மரபு மட்டுமே. அசோகரின் கல்வெட்டுகளில் அதைப் பற்றிப் பேச்சில்லை. சாரநாத், சாஞ்சி, கௌசாம்பித் தூண்களில் இருப்பது ஓர் ஆணை: சங்கத்தைப் பிளக்கும் பிக்குவோ பிக்குணியோ துறவாடை நீக்கி வெள்ளை உடுத்தி வெளியே வசிக்கட்டும் என்று. எந்தப் பிரிவின் பெயரும் அதில் இல்லை. அந்த மாநாட்டில் பிறந்ததாகக் கூறப்படும் கதாவத்து என்ற பாலி நூலில் இருநூறுக்கும் மேற்பட்ட வாதங்கள் இருக்கின்றன. எது யாருடைய கருத்து என்று மூலம் பெயர் சொல்வதில்லை. பெயர்களைத் தருவது பல நூற்றாண்டுகள் பிந்திய உரை. உரைகாரர் சொன்னதை மூலம் சொன்னதாக மேற்கோள் காட்டுவது அடிக்கடி நடக்கிறது.

பாலித் திரிபிடகமே புத்தர் வாய்மொழி, மற்றவை பின்னால் வந்த சரக்கு என்ற எண்ணமும் பரவலானது. பாலி நூல்கள் பழமையானவை, சந்தேகமில்லை. இலங்கையில் வட்டகாமணி அபயன் காலத்தில், கி.மு. முதல் நூற்றாண்டில், ஏட்டில் ஏறின. ஆனால் அவற்றுக்கு இணையான சுத்தங்கள் (சூத்திரங்கள், புத்தரின் உரைகள்) வேறு பிரிவுகளிடமும் இருந்தன. சர்வாஸ்திவாதிகளின் சுத்தத் தொகுப்பான மத்யம ஆகமம் கி.பி. 398-லும், தர்மகுப்தகர் மரபினது எனக் கருதப்படும் தீர்க்க ஆகமம் 413-லும் சீன மொழிக்குப் பெயர்ந்தன. காந்தாரப் பகுதியில் பானைக்குள் கிடைத்த பூர்ஜமரப் பட்டைச் சுவடிகள் இன்று நம்மிடம் உள்ள மிகப் பழைய பௌத்த ஏடுகள். மொழி பாலி அல்ல, காந்தாரி. இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் சுத்தங்களில் ஒற்றுமை வியக்கவைக்கும். கொள்கைகளை வகுத்து ஆராயும் அபிதர்ம நூல்களுக்கு வந்தால் கதை வேறு. தேரவாதிகளிடம் ஏழு நூல்கள், சர்வாஸ்திவாதிகளிடமும் ஏழு. எண் மட்டும்தான் ஒன்று, நூல்கள் வேறுவேறு. பிரிவுகள் எங்கே கிளைத்தன என்று தேடுபவர் பார்க்க வேண்டிய இடம் இது.

கொள்கைகளில் அதிகம் அடிபடுவது சர்வாஸ்திவாதம். 'எல்லாம் இருக்கிறது' என்ற பெயரைப் பார்த்து, நிலையாமையையே மறுத்தவர்கள் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அவர்களுடைய கேள்வி நியாயமானது: செய்த வினை கடந்துபோய் இல்லாமலாகிவிட்டால், நாளைக்கு அது எப்படிப் பலன் தரும்? ஆகவே தர்மங்கள், அதாவது உலகின் அடிப்படைக் கூறுகள், மூன்று காலத்திலும் இருக்கின்றன, செயல்படுவது நிகழ்காலத்தில் மட்டும் என்றார்கள். அவர்களுடைய ஆசிரியர் வசுமித்திரர் கணக்குக் காயை உவமை காட்டினார்: ஒரே காய், ஒன்றின் இடத்தில் வைத்தால் ஒன்று, நூறின் இடத்தில் வைத்தால் நூறு. காய் மாறவில்லை, இடம் மாறுகிறது. சௌத்திராந்திகர் என்ற இன்னொரு தரப்பார் இதை ஒப்பாமல், வினை ஒரு வித்தாக மனத்தொடரில் பதிந்து பின்னால் விளைகிறது என்றார்கள். நிலையாமையை இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

வாத்சீபுத்திரியர், சம்மிதீயர் என்ற பிரிவினரின் நிலை இன்னும் பரிதாபம். 'புத்கலன்' (ஆள்) என்று ஒன்றை ஏற்றதால் ஆன்மாவைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டவர்கள் என்று மற்றப் பௌத்தர்களே ஏசினார்கள். உடல், உணர்வு முதலான ஐந்து கந்தங்களே சுமை, புத்கலனே சுமப்பவன் என்று புத்தரே சொன்ன சுத்தம் தங்களுக்குச் சான்று என்றார்கள் இவர்கள். விறகு வேறு நெருப்பு வேறு என்றும் சொல்ல முடியாது, இரண்டும் ஒன்று என்றும் சொல்ல முடியாது; கந்தங்களுக்கும் புத்கலனுக்கும் அந்த உறவுதான். சரியா தவறா என்பது ஒருபுறமிருக்க, இவர்களை ஏதோ மூலையில் கிடந்த சிறு கூட்டம் என்று நினைப்பது தவறு. சாரநாத்தில் மட்டும் 1,500 சம்மிதீயத் துறவிகளைக் குறிக்கிறார் யுவான் சுவாங். இவர்களைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி இவர்களை மறுத்தவர்களின் நூல்களிலிருந்து வருகிறது.

தமிழில் படிப்பவர்களுக்கென்றே ஒரு சறுக்கல் உண்டு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தில், சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என நால்வர் வருவதால், பௌத்தப் பிரிவுகளே இந்த நான்குதான் என்று எடுத்துக்கொள்கிறோம். அது வாதங்களின் பட்டியல். மறுப்பதற்கு வசதியாகப் புறச்சமயத்தார் வகுத்தது. நிகாயங்களைப் பற்றியது அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் அந்த நூலுக்கு அறுநூறு ஆண்டுகள் முன்பு காஞ்சிப் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததாக யுவான் சுவாங் எழுதுகிறார். அனைவரும் ஸ்தவிர மரபினர் என்கிறார். பரபக்கத்தின் நால்வரில் அவர்கள் இல்லை.