ஆடிக் காற்றைக் கணினியில் பிடிப்போம்: பைப்சாவில் முதல் மாதிரி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். ஆனால் ஆரல்வாய்மொழியில் பறக்கிற காற்று சென்னையில் மின்விசிறியாகச் சுழல வேண்டுமானால் நடுவில் மின்பாதை வேண்டும். அந்தப் பாதை குறுகலாக இருந்தால் என்ன ஆகும் என்பதை மடிக்கணினியிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மாலைப்பொழுது போதும்.

இதற்கு நான் பயன்படுத்துவது பைப்சா (PyPSA). மின்கட்டமைப்புகளைக் கணக்கிட, பைத்தானில் எழுதப்பட்ட திறந்தமூல மென்பொருள். பிராங்பர்ட்டில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பிறந்து, இப்போது பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வளர்கிறது. காசு கிடையாது.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'பி நாம்' போன்ற இரட்டைச் சொற்களுக்கு நடுவில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு வரும். பஸ், லோட் போன்ற உறுப்புப் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்கும்; 'ஸ்டோரேஜ் யூனிட்' என்ற உறுப்புப் பெயர் மட்டும் அடிக்கோடு இல்லாமல் ஒரே சொல்லாக (StorageUnit) வரும்.

1. நிறுவுதல்

பைத்தான் இருந்தால் 'பிப் இன்ஸ்டால் பைப்சா' என்ற ஒரே வரி; இதில் மட்டும் இடைவெளி அப்படியே இருக்கட்டும். கணக்குப் போட்டு விடை தேடும் 'ஹைஸ்' என்ற தீர்வி புதிய பதிப்புகளில் கூடவே வந்துவிடும். அதுவும் திறந்தமூலம்தான்.

2. வரைபடம்

முதலில் காலியான ஒரு நெட்வொர்க்கை உருவாக்கி, 'செட் ஸ்னாப்ஷாட்ஸ்' மூலம் 24 மணி நேரத்தைக் கொடுங்கள். பிறகு 'ஆட்' கட்டளையால் இரண்டு பஸ்களைச் சேருங்கள்: தெற்கு, வடக்கு. டிக்கெட் வாங்கி ஏறுகிற பஸ் இல்லை; மின்சாரம் வந்து கூடிப் பிரிகிற சந்திப்பு. தமிழ்நாட்டை இரண்டு புள்ளியாகச் சுருக்குவது அநியாயம்தான். ஆனால் நூறு புள்ளியில் தொடங்குகிறவர்கள் பிழை எங்கே என்று தெரியாமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

3. எண்கள்

இவை பழகுவதற்கான எண்கள், நிலவரம் அல்ல. மாநிலத்தில் உண்மையில் நிறுவப்பட்ட காற்றாலைத் திறனே 10,000 மெகாவாட்டுக்கு மேல்.

தெற்கில் 5,000 மெகாவாட் காற்றாலை. திறனைக் குறிப்பது 'பி நாம்'. 'பி மேக்ஸ் பியு' 0.8, அதாவது காற்று 4,000 மெகாவாட்டுக்குத்தான் வீசுகிறது. செலவு பூஜ்யம். வடக்கில் 6,000 மெகாவாட் அனல்மின் நிலையம். யூனிட் 4 ரூபாய் என்று வைத்தால் 'மார்ஜினல் காஸ்ட்' 4 அல்ல, 4,000. ஒரு மெகாவாட் மணி என்பது 1,000 யூனிட்.

வடக்கின் தேவை எப்போதும் 6,000. தெற்கின் தேவை 1,500. மாலை 6 முதல் 10 வரை மட்டும் 2,500. இவை லோட் என்ற பெயரில் சேரும். இரண்டையும் இணைக்க 2,000 மெகாவாட் லிங்க். அதில் 'பி மின் பியு' என்பதற்கு மைனஸ் 1 கொடுக்க மறக்காதீர்கள்; கொடுக்காவிட்டால் அது ஒருவழிப் பாதை.

4. ஓட்டுதல்

'ஆப்டிமைஸ்' என்றால் சில நொடிகளில் 'ஆப்டிமல்' என்று பதில் வரும். எனக்கு முதல் முறை வந்தது 'இன்ஃபீசிபிள்'. தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அனல் நிலையத்துக்கு 6,000 என்பதற்குப் பதில் 600 என்று தட்டியிருக்கிறேன். தேவையை நிரப்ப வழியே இல்லை என்பதை மென்பொருள் அப்படித்தான் சொல்லும். எது குறைகிறது என்று சொல்லாது. அதனால் ஒவ்வொரு பஸ்ஸிலும் கொள்ளை விலையில் ஒரு கற்பனை ஜெனரேட்டரை வைத்துவிடுங்கள். அது எந்த மணியில் ஓடுகிறதோ அங்கேதான் பற்றாக்குறை.

5. விடையைப் படித்தல்

மாலை நான்கு மணி நேரம் போக மற்ற நேரத்தில் காற்று 4,000. தெற்கு தின்றது 1,500. பாதை தாங்கியது 2,000. மிச்சம் 500 மெகாவாட் வீண். இருபது மணி நேரத்துக்கு 10,000 மெகாவாட் மணி. 'மார்ஜினல் பிரைஸ்' (அந்த இடத்தில் இன்னும் ஒரு மெகாவாட் மணி கேட்டால் ஆகும் செலவு) அட்டவணையைத் திறந்தால், அந்த மணிகளில் தெற்கில் விலை பூஜ்யம், வடக்கில் 4,000. பாதை நெரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. மாலையில் தெற்கின் தேவை ஏறியதும் பாதையில் 1,500தான் போகிறது. நெரிசல் நீங்கி இரண்டு பக்கமும் 4,000 ஆகிவிடுகிறது.

6. காடம்பாறையைச் சேர்த்தல்

கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் உண்டு. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்குவார்கள். நம் மாதிரியில் அதே அளவில் ஒன்றை 'ஸ்டோரேஜ் யூனிட்' ஆகத் தெற்கில் வையுங்கள். 'மேக்ஸ் ஹவர்ஸ்' 6, அதாவது நிரம்பிய அணை முழுத் திறனில் ஆறு மணி நேரத்துக்கு வரும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் செயல்திறன் 0.87. 'சைக்ளிக் ஸ்டேட் ஆஃப் சார்ஜ்' உண்மை என்று இருக்கட்டும்; நாள் தொடங்கியபோது இருந்த நீர்மட்டம் நாள் முடிவில் திரும்ப வந்தாக வேண்டும்.

மீண்டும் ஓட்டினால் மாலை நான்கு மணி நேரமும் 400 மெகாவாட் இறங்குகிறது. 1,600 மெகாவாட் மணி. அதற்கு ஏற்றத் தேவைப்பட்டது சுமார் 2,100. அனல் செலவில் மிச்சம் 64 லட்சம் ரூபாய். எந்த மணிகளில் ஏற்றியது என்பதில் அர்த்தம் தேடாதீர்கள்; காற்று இலவசமாக வீணாகும் எல்லா மணியும் தீர்விக்கு ஒன்றுதான்.

இன்னும் நிறைய வீணாகிறதே, அதையும் சேமிக்கக் கூடாதா? சேமிக்கலாம், இறக்க வழியில்லை. மாலை தவிர மற்ற நேரமெல்லாம் பாதை நிரம்பியே கிடக்கிறது.

இப்போது லிங்கின் 2,000-ஐ 2,500 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். ஒரு யூனிட்கூட வீணாகாது. காடம்பாறை இல்லாத முதல் மாதிரியோடு ஒப்பிட்டால், பாதையைப் பெருக்கியதால் மட்டுமே கிடைக்கும் மிச்சம் நாளுக்கு 4 கோடி ரூபாய். காடம்பாறையின் பம்பு ஒருமுறைகூட ஓடாது.